எலும்பும் பாதமும்: ஊவாத் தோட்டங்களின் வைத்திய சரித்திரத்தில் ஒரு பக்கம்

பதுளைப் பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் காலை வேளையிற் சென்று நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப முடியாது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஸ்பிரிங்வெளி, தெமோதரை, அப்புத்தளை ஆகிய பக்கங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய தோட்டத்து மக்கள் வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருப்பர். அவர்களுடைய முகங்களைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு முறை அவர்களுடைய கால்களைப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்த குதிகால்கள்; விரலிடுக்குகளில் வெளுத்து ஊறிய சேற்றுப்புண்கள்; கருத்துத் தடித்த நகங்கள்; அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து ஆறாமற்போன வடுக்கள். ஒரு சமூகத்தின் சரித்திரத்தை அதன் கோட்டை கொத்தளங்களில் தேடுவோர் உண்டு. ஊவா மலைகளின் சரித்திரம் இந்தப் பாதங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நாம் அங்கே நின்றபோது இருவரைக் கண்டோம். ஒருவர், கான் வெட்டும் வேலையில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த இளைஞர். மற்றவர், முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கொழுந்து பறித்த ஒரு தாய். அவருடைய வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, ஒரு நாணயத்தின் அளவில் ஒரு புண். இளைஞரைத் தோட்டத்து லொறியே கொண்டுவந்து இறக்கிற்று. தாயோ தம் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்தவர். ஏழு மாதங்களாகத் தோட்டத்து மருந்துசாலையில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டு, மறுநாட் காலையில் பிரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து வந்தவர். "எந்த டாக்டரையாகிட்ட காட்டணுமுங்க? எலும்பு டாக்டருகிட்டயா, வேற யாருகிட்டயுமா?" என்று அவர் எம்மைக் கேட்டார்.

எமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வெறும் வழி கேட்கும் வினாவாகவே அது முதலில் தோன்றிற்று. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, வைத்திய சாஸ்திரம் மனித உடலை எவ்வாறு பங்கிட்டுக் கொண்டது, அந்தப் பங்கீட்டில் யாருடைய உடல் கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை என்ற பெரிய வினாக்களும் உடன் எழுந்தன. அவற்றை ஆசிரியர்களும் மாணவர்களுமான எம் வாசகரோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

இரு வைத்தியர்கள்

முதலில் இரு தொழில்களையும் வேறுபடுத்தி அறிந்துகொள்வோம். ஓர்த்தோபீடிக் வைத்தியர் என்று வழங்கப்படுபவர் எலும்பு, மூட்டு, அவற்றைப் பிணைக்கும் நாண்கள், அசைக்கும் தசைகள், முதுகெலும்பு ஆகிய முழு இயக்க அமைப்புக்கும் உரியவர். தமிழகத்தார் இத்துறையை முடநீக்கியல் என்பர். பொது வைத்தியம் முழுவதையும் கற்றுத் தேறிய பின்னர், சத்திரசிகிச்சையில் பல ஆண்டுகள் தனிப்பயிற்சி பெற்றே ஒருவர் இத்துறையில் நிபுணராகிறார். எலும்பு முறிவு, மூட்டு விலகல், பிறவியிலேயே உள்நோக்கித் திரும்பிய பாதம், எலும்பைத் தாக்கும் சயரோகம், எலும்புக்குள் சீழ் வைத்தல், தேய்ந்த இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றிப் பொருத்துதல், முதுகுத்தண்டின் கோளாறுகள் ஆகிய யாவும் அவருடைய கடமைக்குள் அடங்கும். கழுத்திலிருந்து கால்விரல் வரை அவருடைய எல்லை விரிந்தது.

போடியாட்ரிஸ்ட் எனப்படும் பாத வைத்தியரின் எல்லை மிகச் சிறியது. கணுக்காலும் அதற்குக் கீழ்ப்பட்ட பாதமுமே அவருடைய இராச்சியம். ஆனால் அந்தச் சிறிய இடத்தில் எலும்பை மட்டுமன்றித் தோலையும் நகத்தையும் நரம்பையும் இரத்த ஓட்டத்தையும் அவர் ஒருங்கே கவனிக்கிறார். காலாணி, காய்ப்பு, குதிவெடிப்பு, சதைக்குள் வளரும் நகம், குதிகால் வலி, நீரிழிவுக்காரரின் உணர்விழந்த பாதத்தில் தோன்றும் புண் ஆகியவை அவரிடம் வருகின்றன. நடையைப் பார்த்து, பாரம் பாதத்தின் எப்பகுதியில் விழுகிறதென்று கண்டு, அதற்கேற்பச் செருப்பையும் உள்ளட்டையையும் அமைத்துக் கொடுப்பதும் அவருடைய வேலையே. அமெரிக்காவில் இவர்கள் தனிக் கல்லூரிகளிற் பயின்று பாதத்திற் சத்திரசிகிச்சையும் செய்கின்றனர். பிரிட்டனில் வைத்தியப் பட்டத்தினின்றும் வேறான ஒரு தனிக் கல்வியைப் பெற்றுப் பணியாற்றுகின்றனர். நம் மலைநாட்டு மக்களின் பேச்சிலோ இத்தகைய வைத்தியருக்கு ஒரு பெயரே இல்லை. பெயர் இல்லாத இடத்தில் வேலை இல்லை என்று கொள்ளலாமா? வேலை குவிந்து கிடக்கிறது. செய்வதற்குத்தான் தனி ஆள் இல்லை.

இவ்விரு தொழில்களும் பிறந்த விதமே ஒரு பாடம். 1741ஆம் ஆண்டில் நிக்கலஸ் ஆந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர், குழந்தைகளின் உடற்கோணல்களைத் திருத்துவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நேர் என்றும் குழந்தை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஓர்த்தோபீடிக் என்ற பெயரை ஆக்கியவர் அவரே. கோணி வளர்ந்த இளமரம் ஒன்றைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் அந்நூலின் சித்திரம் இன்றும் இத்துறையின் சின்னமாக விளங்குகிறது. எனினும் இக்கலையை வளர்த்தெடுத்த பெருமை தொழிலாளரின் முறிந்த எலும்புகளுக்கே உரியது. 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் துறைமுகத் தொழிலாளரிடையே வைத்தியம் செய்த ஹியூ ஓவன் தோமஸ், பரம்பரையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் வந்தவர். அவர் அமைத்த இரும்புச் சட்டம் முதல் உலக யுத்தத்தில் தொடையெலும்பு முறிந்த படைவீரரின் உயிர்களைக் காத்தது. அவருடைய மருகர் ரொபர்ட் ஜோன்ஸ், 1888 தொடக்கம் மான்செஸ்டர் கப்பற் கால்வாய் வெட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கென வழிநெடுக முதலுதவி நிலையங்களையும் வைத்தியசாலைகளையும் அமைத்து விபத்துச் சிகிச்சையை ஒரு முறையாக்கினார்.

பாத வைத்தியத்தின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. அரண்மனைகளிற் காலாணி அறுத்தோரின் தொழிலிலிருந்து அது வளர்ந்தது. விக்டோரியா மகாராணியின் பாதங்களைப் பேணுவதற்கென்றே லூயிஸ் டர்லாக்கர் என்பவர் நியமனம் பெற்றிருந்தார். காலாணிகள், நகநோய்கள் பற்றிய அவருடைய நூல் 1845இல் வெளியாயிற்று. அதே ஆண்டுகளில் அதே மகாராணியின் ஆட்சியின் கீழ், இராமநாதபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் புதுக்கோட்டையிலும் இருந்து புறப்பட்ட பல்லாயிரம் வெறும் பாதங்கள் இலங்கையின் வடபாதையில் நடந்துகொண்டிருந்தன!

நடந்து வந்த மக்கள்

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்திரட்டிய கங்காணிகளின் பின்னால் வந்தோர், படகில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நூறு மைல்களுக்கும் மேலாகக் கால்நடையாகவே வந்தனர். தண்ணீர் இல்லை, தங்குமிடம் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெல்லாம் காத்திருந்தன. 1840களில் வந்தோரில் சுமார் 70,000 பேர் மாண்டிருக்கலாமென 1849இல் ஒரு கொழும்புப் பத்திரிகை மதிப்பிட்டது. அத்தொகையைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பாதையோரம் பிணங்கள் கிடந்ததை மறுப்பவர் எவருமிலர்.

ஊவாவுக்கு வரவேண்டியவர்களுக்கோ மாத்தளையும் கண்டியும் பாதிவழியே ஆயின. அதற்கப்பால் மலையேற்றம். இரயில் 1885இல் நானுஓயாவை எட்டியது; பதுளையை அடைந்ததோ 1924ஆம் ஆண்டில். எனவே இரண்டு மூன்று தலைமுறையினர் ஊவாவுக்குத் தம் கால்களாலேயே வந்து சேர்ந்தனர். முள் குத்திய காலோடும் கொப்புளம் உடைந்த பாதத்தோடும் பின்தங்கியவர்களுக்காகக் கங்காணியின் கூட்டம் காத்திருக்கவில்லை. அந்தப் பாதையில் நடக்க முடியாத பாதத்திற்கு மரணம் என்பதே பொருள்.

1869இல் மடுல்சீமைப் பகுதியிலேதான் கோப்பியின் இலைநோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் செடியை மட்டும் மாற்றவில்லை. உடலின் மீது விழுந்த பாரத்தையும் மாற்றிற்று. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் பெருந்தொகையானோர் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வேண்டும். நெற்றியிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடையைச் சுமந்துகொண்டு, கவ்வாத்து வெட்டிய கூரிய கட்டைகளுக்கிடையே, நனைந்த சரிவில், ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும் வாழ்க்கை தொடங்கிற்று. கழுத்தெலும்பிலிருந்து குதிகால் வரை அப்பாரம் இறங்குகிறது. ஒரு நாளில் அது எதையும் முறிப்பதில்லை. முப்பது ஆண்டுகளில் எல்லாவற்றையும் தேய்க்கிறது.

1872: ஒரு சட்டமும் ஒரு புத்தகமும்

1872ஆம் ஆண்டை எம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டிலேதான் தோட்டத் தொழிலாளருக்கான முதலாவது மருத்துவத் தேவைச் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி வைத்திய வசதி அளிப்பதே அதன் நோக்கம். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டு, 1912இல் புதிய உருப் பெற்றது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், தோட்டத்தில் நோயுற்றோர் யாவரென்று அறிந்து ஆவன செய்வதும் துரையின் கடமையென்று விதிக்கப்பட்டது. எழுத்தளவில் இது சிறிய காரியமன்று. ஆனால் நோயாளி யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேலை வாங்குபவரின் கையிலேயே விடப்பட்டதைக் கவனியுங்கள். காய்ச்சலுக்கு உடற்சூடு சாட்சி சொல்லும். பாதத்து வலிக்குச் சாட்சி யார்?

அதே 1872இல் யாழ்ப்பாணத்தில் வேறொரு காரியம் நடந்தது. மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், கிரேயின் புகழ்பெற்ற உடலமைப்பு நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெருநூலைத் தமிழில் வெளியிட்டார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே 'இரண வைத்தியம்' என்ற சத்திர நூலும் அவருடைய முயற்சியால் வெளிவந்திருந்தது. பாதத்தில் இருபத்தாறு எலும்புகள் உள்ளன என்பதைத் தமிழ் மாணவன் தன் தாய்மொழியிற் படிக்கக்கூடிய காலம் வந்துவிட்டது. ஆயினும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராய் உழைத்த ஊவா மலைகளுக்கு அந்தப் புத்தகம் ஏறி வரவில்லை. மொழி ஒன்று; வர்க்கம் வேறு. அறிவு தமிழில் இருந்தால் மட்டும் போதாது, அது தமிழ்த் தொழிலாளியின் லயத்து வாசல்வரை போகவும் வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

புத்தகம் வராத இடத்தில் கைமுறை இருந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் தம் முறிவு வைத்தியத்தையும் சுளுக்கு வழித்தலையும் உடன் கொண்டுவந்தனர். அயற் கிராமங்களின் சிங்கள வைத்தியர்களும் எலும்பு கட்டுவதிற் பேர்பெற்றவர்கள். மூங்கிற் பட்டையும் எண்ணெயும் துணியுமாக அவர்கள் கட்டிய கட்டுகளால் நடந்தவர்கள் பலர். இதை இகழ்வது அறியாமை. தோல் கிழிந்து எலும்பு வெளிவந்த முறிவுக்கும், இறுகக் கட்டி இரத்த ஓட்டம் நின்ற காலுக்கும் அம்முறை போதாது என்பதை மறைப்பதும் அறியாமையே. 1865இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு வெளிவந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் லிஸ்டர் காப்பாற்றிய பின்னரே, அத்தகைய முறிவென்றால் காலை வெட்டுவது என்ற விதி தளரத் தொடங்கியது. 1895இல் றொண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பின் உள்ளே பார்க்கும் கண்ணைத் தந்தது. இவற்றையும் கைமுறை வைத்தியரின் அனுபவத்தையும் சேர்த்து மக்களுக்குக் கொடுப்பதே விஞ்ஞான நோக்கு.

பாதத்தின் வழியே நுழைந்த பகைவன்

பாதத்தின் மீது முதலாளிகளின் பார்வை ஒரே ஒருமுறை விழுந்தது. 1916 தொடக்கம் றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமொன்றை நடத்தினர். ஈரமண்ணில் வளரும் இப்புழுவின் குஞ்சுகள் வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடலிற் புகுகின்றன. கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்த ஆர்தர் லூஸ் என்பவர், தம் கையில் தற்செயலாகச் சிந்திய புழுநீரால் தோல் அரிப்பெடுப்பதைக் கண்டு இவ்வுண்மையை 1898இல் உலகுக்கு அறிவித்தார். புகும் இடத்தில் விரலிடுக்கு அரிப்பு. பின்னர் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சல். முடிவில் சோகை, மூச்சிரைப்பு, தளர்ச்சி. தோட்டங்களிற் சோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் இப்புழுவைச் சுமந்திருந்தனர். சோம்பேறிகள் என்று வையப்பட்டவர்கள் உண்மையில் இரத்தம் இழந்தவர்கள்!

மருந்து கொடுக்கப்பட்டது. புழு விழுந்தது, வேலை கூடிற்று, துரைமார் மகிழ்ந்தனர். ஆனால் மலசலகூடம் கட்டச் செலவாகும் என்றபோது அம்மகிழ்ச்சி குறைந்தது. மருந்துண்டவன் மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நின்றான். புழு மீண்டும் ஏறிற்று. நோயைத் தனிமனிதனின் குடலிலே தேடிய வைத்தியம், அவன் நிற்கும் நிலத்தை மாற்றத் துணியவில்லை. அந்நாளில் ஒரு சோடிச் செருப்பும் ஒரு மலசலகூடமும் செய்யக்கூடியதை எத்தனை போத்தல் மருந்தும் செய்ய இயலாது. பாத வைத்தியத்தின் முதற் பாடமும் இதுவே: பாதத்தை மட்டும் பார்த்தாற் போதாது, பாதம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

விபத்தும் தேய்வும்

1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. வேலையின்போது நேரும் விபத்தினால் விரலோ கையோ காலோ இழந்தால், இழந்த உறுப்பின் அளவுக்கேற்ப நட்டஈடு என்று அட்டவணை வகுத்தது அச்சட்டம். தொழிலாளி வர்க்கம் பெற்ற உரிமைகளுள் இதுவும் ஒன்று. நாம் அதைக் குறைத்துக் கூறமாட்டோம். ஆனால் அந்த அட்டவணையின் தர்க்கத்தைப் பாருங்கள். ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மணியில், சாட்சிகள் காண, உடம்பு முறிய வேண்டும். அப்போதே அது கணக்கில் ஏறும். நாற்பது ஆண்டுகள் சரிவில் நின்று தேய்ந்த முழங்காலுக்கு நாளும் இல்லை, மணியும் இல்லை. வெடிப்பில் தொடங்கிப் புண்ணாகி விரலைத் தின்ற நோய்க்குச் சாட்சியும் இல்லை.

எம்முடைய வினாவுக்கான சரித்திர விடை இங்கேதான் கிடைக்கிறது. முறிவு ஒரு நிகழ்ச்சி. ஆகவே அதற்குச் சட்டம் உண்டு, லொறி உண்டு, கட்டில் உண்டு, நிபுணர் உண்டு. தேய்வு ஒரு வாழ்க்கை; ஆகவே அது விதி என்று பெயர் பெறுகிறது. அந்த இளைஞர் லொறியில் வந்ததும் அந்தத் தாய் பஸ்ஸில் வந்ததும் தற்செயலன்று.

1940ஆம் ஆண்டில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த குழுவைத் துரை கலந்தாலோசிக்க வேண்டுமென்ற நிலைமையை உண்டாக்கினர். பொலிசாரின் பலத்தால் அப்போராட்டம் பின்னர் அடக்கப்பட்டது. என்றாலும், யார் நோயாளி, எது பாரம், எது ஓய்வு என்பதைத் தீர்மானிப்பதில் தொழிலாளிக்கும் குரல் உண்டென்ற எண்ணம் ஊவா மலைகளில் அன்று காலூன்றிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகள் இலவச சேவையாக விரிந்த காலத்திலும், தோட்டத்து வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே தனித்து நின்றது. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. பாட்டன் நடந்து வந்த வழியைப் பேரன் இரயிலிலும் கப்பலிலும் திரும்பிக் கடந்தான். 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்டத்து வைத்தியசாலைகளை நாட்டின் பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கும் வேலை 1990களிலேதான் தொடங்கிற்று. இன்னும் அது முழுமை பெறவில்லை.

ஒரு தமிழ்ச் சத்திரவைத்தியரும் ஒரு சாந்துக் கட்டும்

எலும்பு வைத்தியமும் பாத வைத்தியமும் உண்மையில் ஒன்றையொன்று தேடும் துறைகள் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று தருகிறோம். குஷ்டரோகிகளின் உள்ளங்காலில் தோன்றும் ஆறாப் புண் நெடுங்காலம் நோயின் இயல்பு என்றே கருதப்பட்டது. 1930களில், பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல், அத்தகைய பாதங்களுக்கு முறிந்த எலும்புக்குக் கட்டும் சாந்துக் கட்டையே போட்டார். புண் ஆறியது! காரணம் யாது? பாதத்தோடு நன்கு பொருந்திய கட்டு, ஒரே இடத்தில் விழுந்த பாரத்தை அடிப்பாதம் முழுவதற்கும் பங்கிட்டது. நோயாளி நடமாடவும் முடிந்தது. புண்ணுக்கு ஓய்வும் கிடைத்தது.

தமிழகத்தின் கொல்லிமலையிற் பிறந்து, 1946 முதல் வேலூரிற் பணியாற்றிய போல் பிராண்ட் என்ற எலும்புச் சத்திரவைத்தியர் இவ்வுண்மையை மேலும் ஆராய்ந்தார். வலி உணராத பாதம், தனக்கு நேரும் காயத்தை அறியாமல் அதன்மேலேயே நடக்கிறது. சதை தானாக அழுகுவதில்லை என்று அவர் நிறுவினார். மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்புகளை உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டு செய்வித்தார். 1960களில் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், இப்பாடங்களை நீரிழிவுக்காரரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் பாத வைத்தியர்கள் நீரிழிவுப் புண்ணுக்குப் போடும் கட்டின் மூலம், இலங்கையிலும் இந்தியாவிலும் ஏழைக் குஷ்டரோகிகளின் பாதங்களில் தொடங்கியது. 1960களின் இறுதியில் ஜயப்பூரில் சேதி என்ற வைத்தியரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ஆக்கிய செயற்கைக் காலும் இத்தகையதே. சப்பாத்து இன்றி நடக்கவும், குந்தி இருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது அது. 1987இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாண ஜயப்பூர் நிலையம் யுத்தத்தில் கால் இழந்தோருக்கு அதனை அளித்து வந்தது. நிபுணர் ஏழையின் பாதத்தை உற்று நோக்கும்போது சாஸ்திரமே முன்னேறுகிறது என்பதற்கு இவை சான்று.

அந்தத் தாய்க்குரிய விடை

அந்தத் தாய் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஆறாத பாதப்புண்ணோடு வருபவர் முதலில் வெளிநோயாளர் வைத்தியரிடமே செல்ல வேண்டும். இரத்தத்திற் சீனியின் அளவைச் சோதிக்க வேண்டும். பாதத்தில் உணர்வும் நாடித் துடிப்பும் உண்டா என்று பார்க்க வேண்டும். புண் எலும்பை எட்டிவிட்டதா என்று அறிய எக்ஸ்றே எடுக்க வேண்டும். எலும்பை எட்டியிருந்தால் சத்திரவைத்தியரிடமோ எலும்பு நிபுணரிடமோ செல்ல நேரும். எட்டாதிருந்தால், பாரத்தை நீக்குதல், காய்ப்பை முறையாகச் சீவுதல், தினமும் கட்டு மாற்றுதல், ஏற்ற செருப்பு அணிதல் ஆகிய பாத வைத்தியமே போதும். அதாவது, பாத வைத்தியம் உரிய காலத்திற் கிடைக்காதபோது நோயாளி எலும்பு வைத்தியரிடம் போய்ச் சேர்கிறார். இரு துறைகளுக்கும் இடையிலுள்ள தூரம், புறக்கணிக்கப்பட்ட மாதங்களின் தூரமே.

அந்தத் தாய்க்கு நீரிழிவு இருந்தது. அதை அவரிடம் எவரும் முன்னர் சொல்லவில்லை. புண் எலும்பை எட்டியிருந்தது. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பின்னர் நாம் பார்க்கச் சென்றபோது அவர் விரல்களைப் பற்றிப் பேசவில்லை. "பேரு வெட்டிருவாங்களோ தெரியலீங்க" என்றே கவலைப்பட்டார். ஏழு மாதங்களில் யாராவது ஒருவர் அந்தப் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்திருந்தால் அவ்விரல்கள் இன்றும் இருந்திருக்கக்கூடும்.

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. சரிவில் வேலை செய்வோருக்குப் பாதணி, கத்தியையும் கூடையையும் போல ஒரு தொழிற்கருவி. அதை வழங்குவது வேலை கொள்வோரின் கடமையாக வேண்டும். ஒவ்வொரு தோட்டத்து மருந்துசாலையிலும் கால் கழுவ நீரும், பாதம் பார்க்கப் பயின்ற ஒருவரும் இருக்க வேண்டும். நீரிழிவுச் சோதனை லயத்துக்கே வரவேண்டும். விபத்தை மட்டுமன்றித் தேய்வையும் நட்டஈட்டுச் சட்டம் காண வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இவற்றையும் எழுப்ப வேண்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நீங்கள் பிள்ளைகளின் எழுத்தைப் பார்க்கிறீர்கள், நகத்தைப் பார்க்கிறீர்கள், அவர்கள் நடந்து வரும் பாதங்களையும் பாருங்கள். நொண்டி வரும் பிள்ளையிடம் காரணம் கேளுங்கள். கைக்குழந்தையின் பாதம் உள்நோக்கித் திரும்பியிருந்தால், சில வாரங்களுக்குள் எலும்பு வைத்தியரிடம் காட்டினால் சாந்துக் கட்டுகளாலேயே பெரும்பாலும் நேராக்கலாம் என்பதைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். காலாணியைச் சவர அலகால் அறுக்க வேண்டாம் என்று பாட்டிமாருக்குச் சொல்லுங்கள்.

ஆந்திரியின் சித்திரத்தில் கோணிய மரத்தைக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். ஊவா மலைகளில் கோணிய மரங்கள் பல உண்டு. ஆனால் இங்கே கோணல் மரத்தில் இல்லை. மரம் நிற்கும் நிலத்தில் இருக்கிறது. அதை நேராக்கும் வேலையை எலும்பு வைத்தியரும் பாத வைத்தியரும் தனித்துச் செய்துவிட முடியாது. அது நம் அனைவருடைய வேலை.